ஆளுக்கொரு வண்டி

"ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே வண்டியில உக்கார வச்சீங்கன்னா, மேடம், அது சுற்றுலா இல்ல, குத்துச்சண்டை. நீங்க நாள் பூரா நடுவுல நின்னு விசில் ஊதணும்."

இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்கிறவர் மாதிரி இருந்தது வெர்னன் சொன்ன விதம். ஃப்ளோரிடாவின் கிஸிமீ நெடுஞ்சாலையில், பான்கேக் கடைக்கும் நீச்சலுடைக் கடைக்கும் இடையில், குழந்தைகளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலர் வண்டிகளை வாடகைக்கு விடும் கடை அவருடையது. தீம் பார்க்குக்குப் போகிற குடும்பங்கள் காலையில் இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகும்.

ஜெனெல் ஓர் இரட்டை வண்டியின் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தாள். "இது நல்லாத்தானே இருக்கு? ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கும்."

"அகலத்தப் பாருங்க மேடம். கூட்டத்துல போறவன் வர்றவன் குதிகாலெல்லாம் இடிப்பீங்க. சாரி, சாரின்னு சொல்லியே தொண்ட கட்டிக்கும்."

"இவளுக்கா?" என்றான் அவள் கணவன் கர்ட்டிஸ். "எங்க டிரைவரம்மா தினம் ஸ்கூல் பஸ் ஓட்டுறவங்க. அவ்ளோ பெரிய பஸ்ஸ சந்துல திருப்புவாங்க."

"பஸ்ஸுக்கு ஹாரன் இருக்கு. இதுக்கு உன்னத்தான் முன்னால நடந்து கத்தச் சொல்லணும்."

வெர்னன் சிரித்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. டெஸ்ஸாவுக்கு ஆறு வயது. தம்பி ரெமிக்கு மூன்று முடிகிறது. கடை வாசலில் தம்பியின் சட்டையைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள் டெஸ்ஸா. ரெமி ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் சுற்றிவிட முன்னால் தாவுவான். சட்டை இழுபடும். அவளும் கூடவே ஓரடி நகர்வாள்.

இருவரும் ஜெனெல் பெற்ற பிள்ளைகள் இல்லை. பெற்றவள் போதை மருந்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்தாள். அதுவரை அரசாங்கம் பிள்ளைகளை வேறு குடும்பங்களிடம் ஒப்படைத்திருந்தது. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள எந்த வீட்டிலும் இடம் இல்லை என்று ஒரு வருடத்துக்கு மேலாக அக்காளை ஓர் ஊரிலும் தம்பியை இன்னோர் ஊரிலும் வைத்திருந்தார்கள். போன மாதம்தான், "எங்க வீட்டுல இடம் இருக்கு, ரெண்டு பேரையும் சேத்து அனுப்புங்க" என்று ஜெனெல் சொல்லி, ஒகாலாவில் உள்ள அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு கறுப்புக் குப்பைப் பை. அதற்குள்தான் துணிமணி, பொம்மை, எல்லாம்.

வந்த நாளிலிருந்து டெஸ்ஸா தம்பியை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. அவளுக்கென்று போட்ட கட்டிலில் படுக்காமல் அவன் தொட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தாள். ஜெனெல் அவனைக் குளிப்பாட்டினால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "ரெமி, இருக்கியா?" என்பாள். உள்ளிருந்து அவன், "இக்கேன்!" என்பான். குளியல் முடிவதற்குள் இது ஏழெட்டுத் தடவை நடக்கும். பிள்ளைகளின் கேஸைப் பார்க்கும் அரசு அதிகாரி பாட்ரீஸ் அம்மாளிடம் ஜெனெல் இதைச் சொன்னபோது அந்த அம்மாள், "அவ ஒரு தடவையாவது அவன மறந்துட்டு வேற எதையாவது வேடிக்க பாக்கணும், ஜெனெல். அது நடக்குற வரைக்கும் அவ குழந்தையே இல்ல, காவக்காரிதான்" என்றாள்.

அதற்காகத்தான் இந்தப் பயணம். மறந்துபோய் வேடிக்கை பார்க்க இதைவிடப் பெரிய இடம் ஃப்ளோரிடாவில் எங்கே இருக்கிறது?

"நான் ஒண்ணு சொல்லவா?" என்று கர்ட்டிஸ் அவளை ஓரமாக இழுத்தான். "இதுங்க ரெண்டும் இதுவரைக்கும் சொந்தம்னு எதையும் பாத்ததில்ல. இன்னிக்கு ஒரு நாள் ஆளுக்கொரு வண்டி இருக்கட்டுமே. என் வண்டி, உன் வண்டின்னு சொல்லிக்கட்டும்."

குப்பைப் பைகள் நினைவுக்கு வந்தன ஜெனெலுக்கு. சரி என்று தலையாட்டினாள்.

"டெஸ்ஸா, இங்க வாடா. எந்தக் கலர் வண்டி வேணும் உனக்கு?"

டெஸ்ஸா தம்பியின் சட்டையை விடாமல் நிமிர்ந்தாள். "ரெமிக்கு எது, மிஸ் ஜெனெல்?"

"அவனுக்கு அந்தப் பச்சை. ஆமை படம் போட்டது."

"அதுக்குப் பக்கத்துல நிக்கிறது."

"பக்கத்துல நிக்கிறது ஊதா. உனக்கு ஊதா புடிக்குமா?"

"பக்கத்துல நிக்கிறதுதான் வேணும்."

"பாத்தீங்களா, அடம் இல்ல, அழுக இல்ல, ராணி மாதிரி பொண்ணு" என்றார் வெர்னன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனெலும் சிரித்தாள்.

பார்க்குக்கு வெளியே, கார்களை நிறுத்தும் மைதானத்திலிருந்தே தெரிந்தது அந்தப் பனிமலை.

ஃப்ளோரிடாவில் பிறந்து, ஃப்ளோரிடாவைத் தாண்டாத ஜெனெலுக்கு மேடு என்றால் நெடுஞ்சாலை மேம்பாலம்தான். எங்கு பார்த்தாலும் மேசையில் துணி விரித்த மாதிரிக் கிடக்கும் ஊர் அது. அந்தத் தட்டைத் தரையில், ஜூன் மாத வெயிலில், உச்சி முழுக்க வெள்ளையாக ஒரு மலை நின்றது. மனிதர்கள் கட்டியதுதான், தெரியும். தெரிந்தும் அவள் கால்கள் நடக்க மறந்தன. மலையின் தோளிலிருந்து அருவி ஒன்று விழுந்து, பாதி வழியில் புகையாகி, அந்தப் புகைக்குள் வானவில் ஒன்று யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு மாதிரித் தொங்கியது.

"கர்ட்டிஸ். அங்க பாரேன்."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." ஏசி மெக்கானிக் அவன். வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இந்த வெயில்ல அவ்ளோ குளிர உண்டாக்கணும்னா, உள்ள என்ன சைஸ் கம்ப்ரஸர் இருக்கும்! ஒரு சர்ச் அளவுக்கு இருக்கணும் ஜெனெல். அதுக்கு முன்னால நான் மண்டி போட்டுடுவேன்."

"மல!" என்று கத்தினான் ரெமி, பச்சை வண்டியிலிருந்து. "பெரிய்ய்ய மல!"

"டெஸ்ஸா, பாத்தியாடா?"

"பாத்தேன், மிஸ் ஜெனெல். நல்லா இருக்கு."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பக்கவாட்டில். பச்சை வண்டியின் சக்கரம் எங்கே போகிறதோ அங்கே.

மலையடிவாரத்தில் வண்டிகளை நிறுத்த ஓர் இடம் இருந்தது. நூற்றுக்கணக்கில் நின்றன. எல்லாம் ஒரே ஜாடை என்பதால் அவரவர் வண்டியில் கைக்குட்டை, பலூன், பழைய காலுறை என்று அடையாளத்துக்கு ஏதாவது கட்டியிருந்தார்கள். ஜெனெலும் இரண்டு வண்டிகளிலும் ஆரஞ்சு ரிப்பன் கட்டி, ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தினாள். ரெமியின் துணிப்பை பச்சை வண்டியிலேயே இருந்தது.

மலையிலிருந்து மரக்கட்டைப் படகில் சறுக்கி இறங்கும் சவாரிக்கு உயரம் அளந்து பார்த்துத்தான் விடுவார்கள். டெஸ்ஸாவின் தலை அளவுக்கோட்டைத் தாண்டியது. ரெமியின் தலை அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

"சரி, ஆளுக்கு ஒண்ணு" என்றான் கர்ட்டிஸ். இரண்டு பிள்ளைகளோடு இங்கே வருகிற எல்லாப் பெற்றோரும் செய்கிற ஏற்பாடுதான். "நீ பெரிய மேடத்தக் கூட்டிட்டுப் போ. நான் சின்ன சாரோட எதிர்ல வாத்து படகுக்குப் போறேன். முடிஞ்சதும் வண்டிகிட்ட வந்துடுங்க."

"சரிதானே டெஸ்ஸா?"

"சரி, மிஸ் ஜெனெல்."

வரிசை மலைக்குள் வளைந்து வளைந்து போனது. சுவரெல்லாம் பனிக்கட்டி. தொட்டால் நிஜமாகவே சில்லென்று இருந்தது. ஜெனெல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "டெஸ்ஸா, தொட்டுப் பாரேன்! உள்ள மீனு உறைஞ்சு கெடக்கு, பாரு!"

டெஸ்ஸா விரலால் தொட்டாள். "மிஸ் ஜெனெல், கார் சாவி யார்கிட்ட இருக்கு?"

"மிஸ்டர் கர்ட்டிஸ்கிட்ட. ஏன்டா?"

"சும்மா."

கொஞ்ச தூரம் போனதும், "நம்ம வீட்டுல ஒரு கார்தானே?"

"ஒண்ணுதான். ரெண்டாவதுக்கு எங்க போக? ஏன், உனக்கு ஒண்ணு வேணுமா?"

"வேணாம்" என்றாள் டெஸ்ஸா. அந்த ஒரு சொல்லைத்தான் அவள் காலையிலிருந்து கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

படகு உச்சிக்கு ஏறி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, தலைகீழாகப் பாய்ந்தது. ஜெனெல் தன் தாயையும் ஏசுவையும் சேர்த்துக் கூப்பிட்டாள். கீழே வந்து நனைந்த உடம்போடு இறங்கியபோது, பாய்ந்த நொடியில் எடுத்த படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. படகில் இருந்த எல்லோருக்கும் வாய் திறந்திருந்தது, கை மேலே போயிருந்தது. ஜெனெலுக்குப் பக்கத்தில் ஒரு பின்னந்தலை மட்டும். அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போதும் கழுத்தைத் திருப்பி, கீழே வாத்துப் படகு இருக்கும் பக்கம் பார்த்திருந்தாள் டெஸ்ஸா.

"இந்தப் படத்த வாங்கிக்கிறீங்களா?" என்று படம் விற்கிற பெண் கேட்டாள். ஜெனெல் டெஸ்ஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். ஊதா வண்டி இருந்தது. விட்ட இடத்தில் இல்லை, நாலு வரிசை தள்ளி. அதன் ஒரு பக்கம் யாருடைய சிவப்பு வண்டியோ, மறுபக்கம் மஞ்சள்.

டெஸ்ஸா நின்றுவிட்டாள்.

"நாங்கதான் நகத்தி வைப்போம்மா" என்றாள் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தொப்பிக்காரப் பெண். "பாதையில இடம் பத்தாது பாருங்க. இதுக்கு ஜோடி இருந்துச்சோ? அப்போ அந்தக் கடைசியில தேடுங்க, அங்கதான் எங்கியாவது..."

"அவன் போயிட்டான்" என்றாள் டெஸ்ஸா.

அழவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"இல்லடா, அவன் மிஸ்டர் கர்ட்டிஸ் கூட..."

"பை அதுலதான் இருந்துச்சு. மொதல்ல பைய வைப்பாங்க. அப்புறம் அவன வைப்பாங்க."

ஜெனெல் அவளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். தரை சுட்டது. "யாருடா வைப்பாங்க?"

"அன்னிக்கு ரெண்டு கார் வந்துச்சு. ஒண்ணு வெள்ள, ஒண்ணு நீலம். அந்த ஆன்ட்டி நல்லவங்க. மிட்டாய் குடுத்தாங்க. எந்தக் கார்ல உக்கார ஆசன்னு கேட்டாங்க." டெஸ்ஸா ஊதா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வெள்ளன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன்."

தொப்பிக்காரப் பெண் கையிலிருந்த வண்டியை அப்படியே விட்டாள்.

"நீலம்னு சொல்லியிருக்கணும்" என்றாள் டெஸ்ஸா.

ஜெனெலுக்கு வாய் வரை ஆறுதல் வந்தது. அவள் அதை விழுங்கினாள். காலையில் வெர்னன் கடையில் தானும் அதே குரலில், அதே சிரிப்போடு, எது வேணும் உனக்கு என்று கேட்டது அவள் காதிலேயே திரும்ப விழுந்தது. இந்தப் பிள்ளை அப்போது என்ன கணக்குப் போட்டிருக்கும்! பச்சைக்குப் பக்கத்தில் நிற்பது. அடம் இல்லை, அழுகை இல்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு சொன்ன பதில் அது. இந்த ஆறு வயதுக்குள் இவ்வளவு பெரிய ஒன்று எப்படித்தான் நிற்கிறதோ என்று ஜெனெல் மலைத்துப்போனாள்.

"வா" என்றாள். "பேசறதெல்லாம் அப்புறம். மொதல்ல ரெமியப் பாப்போம்."

ஓடினார்கள். வாத்துப் படகின் வேலி ஓரம் கர்ட்டிஸ் நின்றான், தோளில் ரெமி, கையில் பாதி தின்ற, உப்புத் தூவிய பிரெட்ஸல் ரொட்டி. "டெஸ்ஸா! நான் வாத்து!" என்றான் ரெமி. அவனை இறக்கிவிட்டதும் டெஸ்ஸா இரண்டு கையாலும் அவனைக் கட்டிப் பிடித்தாள்.

"என்னம்மா, சவாரி எப்படி?" என்றான் கர்ட்டிஸ்.

"கர்ட்டிஸ், நமக்கு அந்த ரெண்டு வண்டியும் வேணாம்."

"ஏன், என்ன ஆச்சு? சக்கரம் போச்சா?"

"ஒண்ணும் போகல. எனக்கு இரட்ட வண்டி வேணும். இப்பவே."

"வெயிலு தலைக்கேறிடுச்சா உனக்கு? வெர்னன் கடைக்குப் போய் வர அரை நாள் ஆகும். மத்தியானம் ஷோ இருக்காம், மலையிலிருந்து என்னவோ வெளிய வருமாம், ஊரே காத்துக் கெடக்கு."

"கேட்டுல பார்க்குக்காரங்களே வாடகைக்கு விடுறாங்களே, அது போதும்."

"அந்தப் பிளாஸ்டிக்கா? அது கல்லு மாதிரி இருக்கும். முதுகு போயிடும்."

"யார் முதுகு? நீ உக்காரப் போறியா?"

பிள்ளைகளுக்குக் கேட்காதபடி அவன் காதருகே போய், இரண்டு கார் கதையை அவள் சொன்னாள். முடித்ததும், "ஆளுக்கொண்ணுன்னு நான்தான் சொன்னேன்" என்றான். பிரெட்ஸலை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தான். சற்று நேரத்தில் இடது கையில் பச்சை வண்டி, வலது கையில் ஊதா வண்டி என்று இரண்டையும் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவது தெரிந்தது. பலருடைய குதிகாலையும் இடித்தான். ஒருவரிடமும் சாரி சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அவன் தள்ளிக்கொண்டு வந்தது சாம்பல் நிறத்தில், அழகு என்று சொல்ல ஒன்றுமே இல்லாத, கீறல் விழுந்த ஒரு பிளாஸ்டிக் வண்டி. இரண்டு இருக்கை. நடுவில் தடுப்புகூடக் கிடையாது. காலடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்.

டெஸ்ஸா அதைச் சுற்றி வந்தாள். "இது யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்" என்றாள் ஜெனெல். இந்தத் தடவை எந்தப் பக்கம் வேணும் என்று கேட்கவில்லை.

"மிஸ்டர் கர்ட்டிஸ், இத ரெண்டாப் பிரிக்க முடியுமா?"

வேறு யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பார்கள். கர்ட்டிஸ் அப்படியே அந்த வண்டியைத் தூக்கி, நடுப்பாதையில், குப்புறக் கவிழ்த்தான். போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

"வா, நீயே பாரு. எங்கயாவது ஸ்க்ரூ தெரியுதா?"

"இல்ல."

"ஆணி? கொக்கி? ஒட்டுப் போட்ட கோடு? வெரல வச்சுத் தடவிப் பாரு. நான் நாள் பூரா எதையாவது கழட்டிக்கிட்டே இருக்கறவன். எனக்கே இத எங்க கழட்டறதுன்னு தெரியல. ஒரே வார்ப்பு."

டெஸ்ஸா மண்டியிட்டு, இரண்டு இருக்கைகளின் அடிப்பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினாள். நடுவில் கொஞ்சம் நிறுத்தி, திரும்பவும் தடவினாள். ரெமியும் அவளைப் பார்த்துத் தடவினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான்.

"பிரிக்கணும்னா?" என்றாள்.

"ரம்பம் வேணும். ரம்பத்தோட எவனையும் இவங்க கேட்டுக்குள்ள விட மாட்டாங்க."

அவள் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு எழுந்தாள். "சரி, திருப்பி வைங்க" என்றாள்.

உட்கார்ந்தார்கள். இருக்கை கெட்டியாகத்தான் இருந்தது. ரெமி நெளிந்தான், காலைத் தூக்கி அக்கா மடியில் போட்டான், அவள் தொப்பியைப் பிடுங்கினான், வெர்னன் சொன்ன குத்துச்சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. ஜெனெல் விசில் ஊதவில்லை. தள்ளிக்கொண்டே மலைப் பக்கம் நடந்தாள். கூட்டம் அங்கே கூடிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் பிள்ளைகளின் தோளும் தோளும் உரசிக்கொண்டிருந்தன, வேறு வழியே இல்லாமல்.

"மிஸ் ஜெனெல்!"

ஜெனெல் பயந்துபோய் நின்றாள். அந்தக் குரலில் டெஸ்ஸா அதுவரை பேசியதில்லை.

"என்னடா? என்ன ஆச்சு?"

"அது என்னது?"

"எது?"

"அது! அங்க! வெள்ளையா!"

"அது... மலைடா."

"எப்ப வந்துச்சு?"

ஜெனெலும் கர்ட்டிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் வயிற்றுக்குள் புகுந்து, அதன் உச்சியிலிருந்து விழுந்து எழுந்து வந்த பிள்ளை கேட்கிற கேள்வி.

"காலையிலேர்ந்து அங்கதான்டா இருக்கு" என்றாள் ஜெனெல்.

டெஸ்ஸாவின் கழுத்து நிமிர்ந்து நிமிர்ந்து, தலை இருக்கையின் பின்பலகையில் முட்டி நின்றது. அருவியைப் பார்த்தாள். அது புகையாவதைப் பார்த்தாள். உதடு தானாகப் பிரிந்தது. "தண்ணி மேலேர்ந்து வருது" என்றாள். "அங்க யாரு கொண்டு போய் ஊத்துனா?" யாரும் பதில் சொல்லும் முன், "அய்யோ, அந்தக் கலரப் பாரேன் ரெமி, அதுக்குள்ள கலர் இருக்கு!"

"நான் பாத்தாச்சு" என்றான் ரெமி, பெரிய மனுஷன் மாதிரி.

அப்போது மலைக்குள் ஏதோ இடித்தது. தரை அதிர்ந்தது, வண்டியின் பிளாஸ்டிக் கிடுகிடுவென்று நடுங்கியது. அருவி திரைபோல இரண்டாகப் பிரிய, உள்ளே இருந்த குகையின் பனிச்சுவர் விரிசல் விட்டது. விரிசலுக்குள் வளைந்த தந்தம் ஒன்று தெரிந்தது. ஒரு தந்தமே பேருந்து நீளம். உலகத்தில் மனிதர்கள் எண்ணத் தொடங்கும் முன்பு நடமாடிய, உடம்பெல்லாம் சடை தொங்கும் அந்தப் பழைய யானை, பனியை உதறிக்கொண்டு முதல் காலை வெளியே வைக்கப்போனது. மேலே எங்கிருந்தோ, அந்த வெயிலில், பனி உதிரத் தொடங்கியது.

டெஸ்ஸா பாதி எழுந்துவிட்டாள். எழுந்தவள் திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தாள். யானையைப் பார்த்தாள். மறுபடியும் தம்பியை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க அவளிடம் ஒரே ஒரு ஜோடிக் கண்கள்தான் இருந்தன. அந்தத் தவிப்பு ஜெனெலுக்குத் தெரிந்தது. ஆனால் இதில் தான் நுழையக் கூடாது என்றும் தெரிந்தது.

"மிஸ் ஜெனெல்."

"சொல்லுடா."

"நீங்க கொஞ்ச நேரம் இவனப் பாத்துக்குவீங்களா? நான் அத பாக்கணும்."

"பாத்துக்கறேன்."

"கண்ண எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

"அது முடியற வரைக்கும்."

"முடியற வரைக்கும்."

டெஸ்ஸா அவள் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தாள், ஒரு பொருளை ஒப்படைக்கும் முன் பார்க்கிற மாதிரி. பிறகு திரும்பிவிட்டாள். முழுதாகத் திரும்பிவிட்டாள்.

ஜெனெல் வண்டிக்கு முன்னால் வந்து, மலைக்கு முதுகைக் காட்டி, ரெமிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்தப் பிரம்மாண்டம் அடியெடுத்து வைப்பது தரை வழியாக அவள் உள்ளங்காலில் ஏறியது. பிளிறல் வந்தது. ஆயிரம் பேர் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்த மூச்சுக்கு மேலே, எல்லாவற்றையும் விடக் கூர்மையாக, "ஓ! ஓ! ஓ!" என்று ஒரு சின்னக் குரல் கத்தியது.

ரெமி வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, விழுகிற பனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு துளி அவன் இமையில் விழுந்தது. ஜெனெல் அதைப் பார்த்தாள். அவன் மூக்கில் ஒட்டியிருந்த பிரெட்ஸல் உப்பைப் பார்த்தாள்.

"ஜெனெல்! ஜெனெல், திரும்பிப் பாரு!" கர்ட்டிஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "கடவுளே, அது நேரா இங்கதான் வருது! பாருடி!"

"நீ பாத்துச் சொல்லு" என்றாள் ஜெனெல், ரெமியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு வேலை இருக்கு."